‘ஏன் சார் மார்க் குறைஞ்சது?’ - கேட்கலாமா, கூடாதா?

செமஸ்டர் முடிகிற நேரம். கோவையில் எந்தக் கலை அறிவியல் கல்லூரிக்குப் போனாலும் துறை நோட்டீஸ் போர்டு முன் ஒரு கூட்டம் நிற்கும். இன்டர்னல் மார்க் பட்டியல் ஒட்டியிருப்பார்கள்.

“கெமிஸ்ட்ரில 25-க்கு 11 தான்டா.”

“போய் சாரைக் கேளு.”

“கேட்டா அடுத்த செமஸ்டர் லேப்ல வெச்சுச் செஞ்சுருவாரு. எதுக்கு வம்பு?”

அதோடு பேச்சு முடிந்துவிடும். பையன் பொள்ளாச்சி பஸ்ஸையோ, கோபி பஸ்ஸையோ பிடிக்க ஓடிவிடுவான். அந்த 11 ஏன் 11 என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

பல கல்லூரிகளில் ஒரு தாளின் 100 மதிப்பெண்ணில் 75 செமஸ்டர் தேர்வுக்கு, மீதி 25 இன்டர்னலுக்கு. செமஸ்டர் தேர்வில் குறைந்தால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாம். திருத்திய விடைத்தாளையே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். சி.பி.எஸ்.இ தொடர்பான வழக்கில், தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

இன்டர்னல் கதை வேறு. மாதத் தேர்வு, அசைன்மென்ட், செமினார், வருகைப் பதிவு எல்லாம் சேர்ந்த அந்த 25, பாடம் நடத்தும் பேராசிரியரின் கையில்தான் இருக்கிறது. அறிவியல் மாணவர்களுக்கு இதோடு லேபும் ரெக்கார்டு நோட்டும் சேர்ந்துகொள்ளும். பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, ‘டைட்ரேஷன்’ செய்முறையை ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்த 25 பெரிய விஷயம். எம்.எஸ்சி சீட்டும், கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்கிற 60 சதவிகிதமும் இதில்கூட சிக்கிக்கொள்ளலாம்.

இதே சிக்கல் 2022-ல் அமெரிக்காவில் பெரிய செய்தியானது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி நடத்தியவர் மெயிட்லண்ட் ஜோன்ஸ். வயது 84. பிரின்ஸ்டனில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அந்தப் பாடத்துக்குப் பிரபலமான பாடப்புத்தகம் எழுதியவரும் அவர்தான். மருத்துவம் படிக்க ஆசைப்படுகிற மாணவர்கள் தாண்டியே ஆகவேண்டிய பாடம் அது. வகுப்பில் இருந்த சுமார் 350 பேரில் 82 பேர் அவருக்கு எதிராக மனு எழுதினார்கள். நாங்கள் போடுகிற உழைப்பு மார்க்கில் தெரியவில்லை, தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார் என்பவை அவர்களின் புகார்களில் சில. மாணவர்கள் வகுப்புக்கே வருவதில்லை, கேள்வியைக்கூட கவனமாகப் படிப்பதில்லை என்றார் ஜோன்ஸ். அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் பல்கலைக்கழகம் அவரை நீக்கிவிட்டது. இத்தனைக்கும் அவரை நீக்கும்படி அந்த மனுவில் கேட்கவே இல்லை.

அங்கே 82 பேர் கேட்டார்கள், ஒரு பேராசிரியரின் வேலை போனது. இங்கே ஒருவர்கூட கேட்பதில்லை, மாணவரின் மார்க் போகிறது. இரண்டு இடத்திலும் நடக்காமல் போனது ஒன்றுதான். ‘இந்த இடத்தில் இதனால் குறைந்தது’ என்று ஆசிரியரும் மாணவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை.

ஸ்ட்ரிக்டான பேராசிரியர் என்றாலே மாணவர்கள் வெறுப்பார்கள் என்பதும் உண்மையில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் அப்துல் கலாம் படித்தபோது அட்மிஷன் பணத்துக்காக அவருடைய அக்கா ஜோஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்திருந்தார். அப்படிச் சேர்ந்த மாணவரிடம், அவர் போட்ட விமான வடிவமைப்பு சரியில்லை என்று பேராசிரியர் சீனிவாசன் நேருக்கு நேர் சொன்னார். கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலைக்குள் முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும் என்றார் சீனிவாசன். கலாம் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு இரவெல்லாம் வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் உடையிலேயே அவர் அறைக்கு வந்து நின்றார் சீனிவாசன். வேலையைப் பார்த்துவிட்டு கட்டியணைத்துத் தட்டிக்கொடுத்தார். ‘அக்னிச் சிறகுக’ளில் கலாமே இதை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் கெடுபிடியைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், என்ன தவறு, எப்போதுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது கலாமுக்குத் தெரிந்திருந்தது. கெடு வைத்தவரே எட்டிப் பார்க்கவும் வந்தார்.

இதைப் பற்றி மாணவர்கள் கருத்துச் சொல்ல இன்று ஒரு வழி இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் ‘நாக்’ அமைப்பு, மாணவர் திருப்தி குறித்த சர்வே ஒன்றை நடத்துகிறது. இன்டர்னல் மதிப்பீடு நியாயமாக நடக்கிறதா, அசைன்மென்ட்டில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று உங்களிடம் பேசப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளும் அதில் உண்டு. மெயிலில் வருகிற இந்த சர்வேயைத் திறந்தே பார்க்காதவர்களும், எல்லாவற்றுக்கும் முதல் பதிலை டிக் அடித்துவிட்டுப் போகிறவர்களும் கொஞ்சம் நிதானித்துப் படித்தால் நல்லது.

ஆனால் சர்வே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘ஏன் மார்க் குறைச்சீங்க?’ என்று கேட்டால் சண்டை போலத் தோன்றும். ‘எந்த இடத்துல குறைஞ்சுதுங்க சார், அடுத்த தடவை சரி பண்ணிக்கிறேன்’ என்று ரெக்கார்டு நோட்டோடு போய் நின்றால் பெரும்பாலான பேராசிரியர்கள் நோட்டைத் திறப்பார்கள். கேட்கத் தயங்கும் பிள்ளைக்கு வீட்டில் உள்ளவர்கள் தைரியம் சொல்லலாம். ‘வாத்தியார்கிட்ட எதிர்த்துப் பேசாத’ என்று வளர்த்த நாம், கேள்வி கேட்பதும் எதிர்த்துப் பேசுவதும் வேறு வேறு என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பேராசிரியர்கள் செய்ய வேண்டியதும் சின்ன விஷயம்தான். 11 என்று போடும்போது, பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதிவிடலாம்.