காதுக்குள் கேட்கும் குரல் யாருடையது?

அல்லிநகரத்துக்காரர்களிடம் ஊர்ப் பெயரைக் கேட்டால், கூடவே பாரதிராஜாவின் பெயரும் வந்துவிடும். 1977இல் '16 வயதினிலே' வந்தபோது தமிழ் சினிமா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்கு வந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறோம். நானும் அந்தப் பெருமையில் வளர்ந்தவள்தான். ஆனால் ஊருக்குள் வந்த கேமராவுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று நாம் கேட்டதில்லை. டீச்சராக ஆசைப்பட்ட மயிலை ஊரே பார்த்தது. கேமரா பிடிக்க ஆசைப்படும் மயிலுக்கு ஊரில் என்ன வழி இருக்கிறது?

எனக்குக் கிடைத்த வழி விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பு. சினிமா விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லப்பட்ட ஸ்டுடியோவைத் தேடி நான் போனேன்.

தொலைக்காட்சி ஸ்டுடியோவில் இரண்டு அறைகள். ஒன்று படப்பிடிப்புத் தளம். அங்கே மூன்று கேமராக்கள், விளக்குகள், நாற்காலியில் ஒரு முகம். இன்னொன்று பிசிஆர் என்று சொல்லப்படும் கட்டுப்பாட்டு அறை. மூன்று கேமராக்களின் காட்சியும் அங்கே வரிசையாகத் திரைகளில் ஓடும். நிகழ்ச்சி இயக்குநர் "ரெடி டூ, டேக் டூ" என்பார். ஸ்விட்சரில் இருப்பவர் பொத்தானை அழுத்துவார். நேரலையில் அழுத்தியது அழுத்தியதுதான், திரும்பப் பெற முடியாது. இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. சைக்கிள் ஓட்டுவது போலக் கை பழக வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். ஆகவே ஸ்டுடியோப் படிப்பில் முதல் கேள்வி, எந்த நாற்காலி யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான்.

எங்கள் வகுப்பில் அது எப்படிப் பங்கிடப்பட்டது? கேமரா, லைட், ஸ்விட்சர் பையன்களுக்கு. வாசிப்பு, மேக்கப், ஸ்கிரிப்ட் பெண்களுக்கு. "ஒனக்கு முகம் நல்லா இருக்கும்மா, நீ வாசி." ஆறு பிராக்டிகலில் நான்கில் நான் செய்தி வாசித்தேன். ஸ்விட்சரை ஒருமுறைதான் தொட்டேன், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் தூசி தட்ட.

இதற்கு மூன்று காரணங்கள் சொல்வார்கள்.

முதலாவது, கனம். போடியிலும் கம்பத்திலும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். பதினைந்து லிட்டர் குடத்தை இடுப்பில் வைக்கும்போது கனமா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அதிலும் ஸ்டுடியோ கேமரா சக்கரம் வைத்த தாங்கியில் நிற்பது. அதைத் தூக்க வேண்டியதே இல்லை, தள்ளினால் போதும்.

இரண்டாவது, நேரம். வகுப்புகள் முடிந்து ஸ்டுடியோ காலியாவது மாலை ஐந்துக்கு. பெண்கள் விடுதிக் கதவு சாத்துவது ஆறுக்கு. 'பாதுகாப்பு' என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகள் இந்தச் சாக்கை ஏற்கவில்லை. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை அவர்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்கின்றன. புகார்க் குழுவை அமைத்து ஒழுங்காக நடத்த வேண்டிய நிர்வாகம், அந்த வேலையைப் பூட்டிடம் ஒப்படைத்துவிடுகிறது.

மூன்றாவது, "பெண்களே ஆசைப்பட்டுத்தான் தொகுப்பாளர் ஆகிறார்கள்." வாசிப்பு தாழ்ந்த வேலை என்று நான் சொல்லவில்லை. தூர்தர்ஷனில் ஷோபனா ரவி செய்தி வாசித்ததைக் கேட்ட தலைமுறைக்கு அந்த வேலையின் மதிப்பு தெரியும். ஆனால் வாசிப்பவரின் காதில் ஒரு கருவி இருக்கிறது. எப்போது நிறுத்த வேண்டும், எந்தக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். நாடு பார்ப்பது பெண் முகத்தை. அந்த முகத்தை நடத்துவது காதுக்குள் கேட்கும் குரல். அந்தக் குரலாக இருக்கப் பெண்ணுக்குக் கற்றுத்தராத படிப்பு, பாதிப் படிப்பு.

"பி. ஆர். விஜயலட்சுமி வரவில்லையா?" என்பார்கள். வந்தார். 1985இல் 'சின்னவீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்து பெண்களுக்குக் கதவைத் திறந்தார். அவர் இயக்குநர் பி. ஆர். பந்துலுவின் மகள். இதைச் சொல்வது அவர் உழைப்பைக் குறைக்க அல்ல. சினிமா வீட்டில் பிறக்காதவளுக்கு எந்த வாசல் என்று கேட்கத்தான். தேனிப் பையன் பஸ் ஏறி, வடபழனியில் நான்கு பேரோடு ஒரே அறையில் படுத்து, யாரிடமாவது உதவியாளனாகிவிடலாம். 'கெட்டிக்காரன்' என்று ஊர் மெச்சும். அதையே நான் செய்தால் ஊர் வேறு பெயர் வைக்கும். எனவே கல்லூரி ஸ்டுடியோவின் அந்தச் சில மணி நேரம் பையனுக்குப் பல வழிகளில் ஒன்று, எனக்கு ஒரே வழி. அதைத்தான் பறிக்கிறார்கள்.

மார்ச் 8 அன்று மட்டும் 'முழுக்கப் பெண்கள் குழு' நிகழ்ச்சி நடக்கும். பெண்கள் கேமராவோடு நிற்க, புகைப்படம் எடுப்பார்கள். மார்ச் 9 அன்று கேமரா திரும்பப் போய்விடும்.

"கையில்தான் போன் இருக்கிறதே, ஸ்டுடியோ எதற்கு?" என்று நம் தோழிகளிலேயே சிலர் கேட்கிறார்கள். போனில் நான் தனியாள். அங்கேயும் என் முகத்தைத்தான் விற்க வேண்டியிருக்கிறது. பத்துப் பேரை ஒரே மூச்சில் இயக்குவதையும், ஒரு நொடியில் முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்பதையும் போன் கற்றுத்தராது.

நான் கேட்பது சலுகை அல்ல, சுழற்சி முறை. எல்லா மாணவரும் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தாக வேண்டும். யார் எதில் எத்தனை மணி நேரம் இருந்தார் என்ற பட்டியல் ஸ்டுடியோ கதவில் தொங்க வேண்டும். ஸ்விட்சரில் உட்காராத யாருக்கும், ஆணோ பெண்ணோ, தேர்ச்சி மதிப்பெண் கூடாது. ஸ்டுடியோ திறந்திருக்கும் நேரம் முழுக்க விடுதிக் கதவும் திறந்திருக்க வேண்டும்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தோழிக்கு ஒன்று. அடுத்த பிராக்டிகலுக்குப் பட்டியல் ஒட்டும்போது உங்கள் பெயர் எதற்கு நேரே இருக்கிறது என்று பாருங்கள். தொடர்ந்து மூன்றாவது முறையாக 'வாசிப்பாளர்' என்று இருந்தால், வாசிக்காதீர்கள். பிசிஆருக்குள் போய் ஸ்விட்சர் முன்னால் உட்காருங்கள். எழுந்திருக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.