அணுகுண்டு பேரம் பேசலாம். கல்யாணத்துக்கு மட்டும் உத்திரவா?

"பெண்புத்தி பின்புத்தி" என்று இன்னமும் பேசித் திரியும் நமது தர்மபுரி ஜில்லாப் பெரியவர்களுக்கு ஒரு சேதி சொல்ல விரும்புகிறோம்.

1996-ம் வருஷம் ஜினிவா நகரில், அணுகுண்டுச் சோதனையை அடியோடு நிறுத்துவதென்று உலக நாடுகள் கூடிப் பேசின. குண்டு வைத்திருந்த ஐந்து வல்லரசுகளும் சோதனையை நிறுத்துவோம் என்றனவேயன்றி, கையிலிருக்கும் குண்டுகளை எந்தத் தேதிக்குள் ஒழிப்பது என்பதைப்பற்றி வாய் திறக்கவில்லை. "இதில் இந்தியா கையெழுத்துப் போடாது" என்பதை அந்தச் சபையில் எடுத்துரைத்தவர் இந்தியப் பிரதிநிதியான தோழியர் அருந்ததி கோஷ். செப்டம்பர் 10-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் ஓட்டெடுத்ததில் ஆதரவு 158, எதிர்ப்பு 3. அந்த மூன்றில் ஒன்று இந்தியா. மற்றவை பூட்டானும் லிபியாவும்.

அந்த முடிவு சரியா தப்பா என்பது வேறு விவாதம். அணுகுண்டுக்குத் தேங்காய் உடைக்கிறவர்கள் அல்ல நாம். ஆனால் வல்லரசுகள் நெருக்கியபோது அசையாமல் நின்று காரணகாரியத்தோடு வாதாடியவர் ஒரு பெண் என்பதை யார் மறுக்க முடியும்?

இந்த அம்மையார் 1963-ல் வெளிநாட்டு உத்தியோகத்தில் சேர்ந்தபோது சர்க்கார் விதி என்ன சொல்லிற்றுத் தெரியுமா? 1961-ம் வருஷ விதிப்படி, அந்த உத்தியோகத்திலுள்ள பெண் விவாகம் செய்துகொள்ள சர்க்காரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கவேண்டும். விவாகத்துக்குப் பின் குடும்பப் பொறுப்பால் வேலை கெடுகிறதென்று சர்க்காருக்குத் தோன்றினால் ராஜினாமாச் செய்யச் சொல்லலாம். ஆணுக்கு இந்த நிபந்தனை உண்டா? ஆணுக்குக் குடும்பம் இல்லையா, பிள்ளைகள் இல்லையா? மனுதர்மத்தைத்தான் சர்க்கார் காகிதத்தில் டைப் அடித்து வைத்திருந்தார்கள்.

இதைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் குடகுச் சீமையில் பிறந்து சென்னையில் படித்த தோழியர் சி.பி. முத்தம்மா. 1949-ல் அந்த உத்தியோகத்தில் நுழைந்த முதல் பெண். விவாகம் செய்தால் விலகிவிடுவதாக எழுதிக் கொடுத்தே சேரவேண்டியிருந்தது என்று அவர் தமது மனுவில் சொன்னார். 1970-ல் ஹங்கேரிக்கு ஸ்தானிகராகப் போன அவருக்கே பிறகு மேல்பதவி மறுக்கப்பட்டது. வழக்குப் போட்டார், வழக்கு நடக்கும்போதே பதவி வந்துவிட்டது! அதனால் 1979-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் வழக்கைத் தள்ளினாலும், ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டென்றும், இப்பேர்ப்பட்ட விதிகளையெல்லாம் திருத்தவேண்டுமென்றும் எழுதினார். அவ்விதிகளை எடுத்துவிடுவதாக சர்க்காரும் சொல்லவேண்டியதாயிற்று. பின்னர் சுவீடன் தலைவர் ஓலோப் பால்மே அமைத்த ஆயுதக் குறைப்புக் கமிஷனிலும் முத்தம்மா ஓர் அங்கத்தினராக இருந்தார்.

தோழர்களே! கோர்ட்டும் சர்க்காரும் 1979-ல் கண்ட நியாயம் நமக்குப் புதிதல்ல. பெண்ணுக்கு 16 வயதுக்கு முன் விவாகம் கூடாது, சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானித்தோம். இன்று சட்டமே 18 வயது என்கிறது. ஆயினும் நம் ஜில்லாவில் குழந்தைக் கல்யாணம் ஒழிந்தபாடில்லை. பத்தாவது படிக்கும் பெண்ணின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறவர்களைக் கேட்கிறோம்: உலக சபையில் வல்லரசுகளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருத்தியை நீங்கள் அடுப்படிக்கு அனுப்பவில்லை என்பதற்கு என்ன நிச்சயம்?

ஜாதகத்தை மூடுங்கள், புஸ்தகத்தைக் கொடுங்கள். யாரை, எப்போது, விவாகம் செய்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள்.