இரண்டு லட்சம் இருந்தால்தான் அனிமேஷனா?

வீட்டிலிருந்தே வீடியோ தொழில் செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எடிட்டிங், அனிமேஷன் என்று இறங்குபவர் குறைந்தது 2 லட்ச ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமாம். முடியாதவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாமாம். அம்மாவின் வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையில் இப்படி எழுதுவது பொறுப்பற்ற செயல். எழுதிய விஷயமும் தவறு.

சாதாரண மெஷினில் 4கே வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது என்பது கட்டுரையாளர் காட்டும் முதல் சான்று. திக்கும், உண்மைதான். ஏன் என்று அவர் சொல்லவில்லை. இன்றைய போன்கள் பல எச்.265 முறையில் இறுக்கி அமுக்கிப் பதிவு செய்கின்றன. ஒரு ஃபிரேமைக் காட்ட அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதால் மெஷின் திணறுகிறது. இதற்கு மருந்து பிராக்ஸி. 3840×2160 கிளிப்புக்கு 1280×720 அளவில் ஒரு நகல் எடுத்தால் பிக்சல் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். நகலை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் அசலிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யலாம். எட்டு வருடப் பழைய ஐ5, 16 ஜிபி ராம் உள்ள மெஷினில் நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இரவு பிராக்ஸி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் டைம்லைன் தடையில்லாமல் ஓடுகிறது. அவர் கட்டுரை முழுவதிலும் பிராக்ஸி என்ற சொல்லே இல்லை. எடிட்டிங் பற்றி எழுத வந்தவருக்கு இது மன்னிக்கக்கூடிய மறதி அல்ல.

விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் 3டி கிடையாது என்கிறார். லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வென்றது. அது பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவான படம். ஃபிரேம்களைக் கணக்கிட்டு உருவாக்க (ரெண்டர் செய்ய) பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வைத்த ரெண்டர் பண்ணை எதுவும் இல்லை. இறுதி ஃபிரேம்கள் இயக்குநரின் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ரெண்டர் ஆயின. அவருடையது மலிவான மெஷின் என்று நான் சொல்லவில்லை. ஈவீ என்ற வேகமான ரெண்டர் முறையை அவர் தேர்ந்தெடுத்ததைத்தான் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நிமிடப் படத்துக்கு 1440 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 5 நிமிடம் என்றால் 5 நாள். 10 விநாடி என்றால் 4 மணி நேரம். மெஷினை மாற்றாமலே, முறையை மாற்றுவதால் கிடைக்கக்கூடிய வித்தியாசம் இது. தண்ணீர், புகை சிமுலேஷனுக்குப் பெரிய மெஷின் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். முதல் படத்திலேயே கடலைப் பொங்கவைக்க யார் கேட்டார்கள்?

கட்டுரையாளரின் வாங்கும் பட்டியல்தான் இருப்பதிலேயே மோசம். பணத்தை எல்லாம் கார்டில் கொட்டிவிட்டு 8 ஜிபி ராம் போதும் என்கிறார். விண்டோஸும் பிரவுசருமே அதில் பாதியைத் தின்றுவிடும். 16 ஜிபி வேண்டும். அதையும் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போட்டால் இரண்டு மெமரி சேனலும் வேலை செய்யும். எடிட் செய்கிற ஃபைல்களுக்கு எஸ்.எஸ்.டி., முடிந்த வேலையைச் சேமிக்கப் பழைய ஹார்டு டிஸ்க். தலையை அசைத்தால் முகத்தின் நிறம் மாறுகிற மானிட்டரில் கலர் பார்க்க முடியாது, ஐ.பி.எஸ். திரை உள்ளதை வாங்குங்கள். கார்டு அதற்குப் பிறகுதான். பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையில் முழு சீனும் கார்டின் மெமரியில் அடங்காவிட்டால் வேகம் குறையும் என்பதால், கனமான சீன்களுக்கு 8 ஜிபி உள்ள புதிய கார்டைவிட 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கைகொடுக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் இன்டெல் ஐ5 கேட்கும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். எஃப் என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, எச்.265-ஐப் பிரிக்கிற சுற்றும் அதோடு போய்விடும். என் நண்பரின் மகன் விலை குறைவென்று அதை வாங்கி வந்தான், தனிக் கார்டு வாங்கவில்லை. மானிட்டர் கருப்பாகவே நின்றது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மாதிரி எச்சரிக்கை அல்லவா அந்தக் கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்?

“வரவேண்டாம்” என்ற அந்த வரியைக் கட்டுரையாளர் திரும்பப் பெறவேண்டும். தம்பி, தங்கைகளே, வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும். வீட்டில் இருக்கிற மெஷினில் இன்றிரவே பிளெண்டரை இறக்கிப் பத்து விநாடிப் படம் ஒன்று செய்து பாருங்கள். எந்த இடத்தில் திணறுகிறது என்று தெரிந்த பிறகு, அந்த ஒரு பாகத்தை மட்டும் வாங்குங்கள்.