தை பிறந்தால் யாருக்கு வழி பிறக்கும்?



"தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற பழமொழியைக் கேளாத தமிழ்ச் செவி உண்டோ? ஏ.கே.வேலன் 1958இல் அதனையே தம் திரைப்படத்துக்குப் பெயராகச் சூட்டினார். விளக்கம் வேண்டாத தலைப்பு! அவர் மட்டுமா? 1956இல் 'தாய்க்குப்பின் தாரம்', 1959இல் 'தாயைப்போல பிள்ளை நூலைப்போல சேலை', 1963இல் 'தர்மம் தலைகாக்கும்', 1965இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவனுக்கு வல்லவன்' எனப் பழமொழிகள் வெள்ளித்திரை ஏறின. ஏட்டறிவு பெறாத ஏழையும் சுவரொட்டியின் பெயரைப் பிறர் படிக்கக் கேட்டதும் தன் வீட்டுச் சொல் என உணர்ந்தான். மக்கள் மொழிக்குக் கிடைத்த மதிப்பு அது. அதைக் குறை கூறுவார் யார்?

ஆனால் இன்று நடப்பதென்ன? தை முதல் நாளில் சோதிடப் பக்கத்துக்கு அதுவே தலைப்பு. தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சிக்கும் அதுவே. வாழ்த்துச் சுவரொட்டிக்கும் அதுவே. நம் மேடைகளில் பேச்சை முடிக்கத் தெரியாதவருக்கும் அதுவே கைகொடுக்கிறது! உழவன் உரைத்த உண்மை, வாய் நிறைந்த வாழ்த்தாகச் சுருங்கிவிட்டது.

அவன் என்ன பொருளில் சொன்னான்? பயிர் நிற்கும்வரை வயலின் குறுக்கே நடக்க இயலாது. அறுவடை முடிந்ததும் நடைபாதை திறக்கும் என்பர் சிலர். நெல் வீடு வந்தால் கடன் தீரும், திருமணம் கூடும் என்பர் வேறு சிலர். எப்படிக் கொண்டாலும், வழியைப் பெற்றெடுத்தது மாதமன்று. உழைப்பும், உழைத்தவன் கைக்கு வந்து சேர்ந்த விளைச்சலுமே!

இந்த உரைகல்லில் கள்ளக்குறிச்சியை உரைத்துப் பாருங்கள். கோமுகி ஆற்றுச் சமவெளியில் நெல்லும் கரும்பும் செழிக்கின்றன. அந்த ஆற்றுக்கு நீர் தரும் கல்வராயன் மலையிலோ, மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைவித்து வாழ்ந்து வந்தனர். தண்ணீர் தானே வழி கண்டு கீழே இறங்கிவிட்டது. மனிதருக்கு வழி எங்கே?

நாடு விடுதலை பெற்றது 1947இல். ஆனால் இம்மலையை ஆண்டுவந்த மூன்று ஜாகிர்களை அரசு எடுத்துக்கொண்டதோ 1976இல்! இடையே எத்தனை தைகள் பிறந்தன? இருபத்தொன்பது ஆண்டுகள், தை தவறாமல் வந்தது, வழிதான் வரவில்லை. ஆட்சியின் ஆணை வந்த பின்னரே ஜாகிர்தாரின் பிடி தளர்ந்தது.

அதன் பிறகேனும் எல்லாம் நிறைவேறிற்றா? கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2024 சூன் திங்களில் நச்சுச் சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர்தான், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பேருந்து, குடும்ப அட்டை முதலிய அடிப்படைத் தேவைகள் நீதிமன்றத்தில் பேசுபொருளாயின. சாவு வந்து கதவைத் தட்டியபிறகா வழியைப் பற்றிப் பேசுவது?

சாலை இல்லாத ஊரில் விளைந்த பொருளுக்கு விலை கூறுபவன் யார்? விளைத்தவனா? அல்லன்; வாங்க வருபவனே! பேறுகாலத் தாய் மருத்துவமனைக்குப் போவதும், சிறுவன் பள்ளிக்குப் போவதும், பட்டா கேட்டு முதியவர் அலுவலகத்துக்குப் போவதும் அந்த ஒரு வழியைப் பொறுத்தே அமைகின்றன. அங்கே வழி என்பது உவமையன்று. காலடியில் இருக்க வேண்டிய கல்லும் தாரும்!

ஆகவே, தோழர்களே, படத்துக்குப் பெயர் வைப்போர் வைக்கட்டும். பழமொழி எல்லோர்க்கும் பொது. பொதுப்பணிக்கு வந்த நமக்கு அதனை வாழ்த்தாகச் சொல்லிக் கலையும் உரிமை இல்லை. அடுத்த தைத்திங்களில் அச்சொல்லை மேடையில் உரைக்க எண்ணுபவர், அதற்கு முன் மலையேறிப் பாருங்கள். எந்த ஊருக்குச் சாலை இல்லை, எந்தக் குடும்பத்துக்குப் பட்டா இல்லை எனக் கணக்கெடுங்கள். அதனை ஆட்சியர் மேசைக்கும் சட்டமன்றத்துக்கும் கொண்டு செல்லுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.

தை தானே பிறக்கும். வழியை நாம்தான் பிறப்பிக்க வேண்டும்!