நிற்கும் லாரியிலிருந்து விழுகிறவர்கள்

ஆரணி, களம்பூர் ஆலைகளின் அரிசியும் சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் நெல்லும் லாரி ஏறித்தான் வெளியூர் போகின்றன. கடைசி மூட்டையை அடுக்கியதும் லோடுமேன்கள் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆபத்தான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. படுதா போட்டுக் கயிறு கட்ட வேண்டும். அதற்கு மிஞ்சி நிற்பவர்கள் டிரைவரும் கிளீனரும் மட்டுமே.

மூட்டைகளின் உச்சி தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். ஏற ஏணி கிடையாது. டயரில் கால் வைத்து, பாடியின் கொக்கியைப் பிடித்து ஏற வேண்டும். சணல் சாக்காக இருந்தால் காலுக்குக் கொஞ்சம் பிடிமானம் உண்டு. இப்போது வரும் பிளாஸ்டிக் பைகள் வழுக்கும், பனி இறங்கிய படுதா அதைவிட வழுக்கும். காற்றடித்தால் படுதா மேலே நிற்பவரையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். கீழிருந்து “இன்னும் இறுக்குண்ணே” என்று குரல் வரும். மேலே இருப்பவர் விளிம்பில் கால் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, முழு பலத்தையும் கயிற்றில் போட்டு இழுப்பார். பழைய கயிறு அறுந்தாலோ முடிச்சு நழுவினாலோ அதே பலம் அவரைப் பின்பக்கமாகத் தள்ளிவிடும். பன்னிரண்டு அடியிலிருந்து விழுகிற உடம்பு ஒரு நொடிக்குள், ஏறக்குறைய மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. பின்பக்கமாக விழுவதால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் தலை அல்லது முதுகெலும்பு.

பிழைத்தாலும் வாழ்க்கை பழையபடி திரும்புவதில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஆரணி சாலையில் பாகாயத்தில் 1966 முதல் மறுவாழ்வு மையம் நடத்துகிறது. தண்டுவடம் அடிபட்டவர்கள் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவதைக்கூட அங்கே முதலிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த விபத்துக்கு அரசுக் கணக்கில் சரியான இடமே இல்லை. சாலை விபத்துப் புள்ளிவிவரத்தில் சேர, ஓடிக்கொண்டிருக்கும் வாகனம் ஒன்றாவது சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். ஆலை வளாகத்தில் நிற்கும் லாரி அதில் வராது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தருகிறது. பல உயிர்களுக்குக் கைகொடுக்கும் நல்ல திட்டம், ஆனால் சாலை விபத்துக்கானது. லாரி மோதியவருக்குக் கிடைக்கிற அந்த உரிமை லாரியிலிருந்து விழுந்தவருக்கும் கிடைக்க வேண்டும். நின்ற வண்டி என்பது காரணமாகக் கூடாது. 1987இல் மகாராஷ்டிரத்தில் மோதிக் கவிழ்ந்த பெட்ரோல் டேங்கர் ஒன்று சில மணி நேரம் கழித்து வெடித்தது. வண்டி ஓடாமல் கிடந்தபோது நடந்த அதையும் மோட்டார் வாகனப் பயன்பாட்டால் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விழாமல் காக்கும் கடமை சட்டத்துக்குப் புதிதல்ல. விழ வாய்ப்புள்ள உயரத்தில் வேலை செய்பவருக்குத் தடுப்போ வேறு பாதுகாப்போ தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 32ஆவது பிரிவிலேயே சொன்னது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தச் சட்டமும் அடங்கிவிட்டது. ஆனால் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். ஒரே லாரியை வைத்துப் பிழைப்பவரிடம் இருப்பது ஒரு டிரைவர், ஒரு கிளீனர். விபத்து நடந்தால் ஆலைக்காரர் லாரிக்காரரைக் கைகாட்டுவார், லாரிக்காரர் டிரைவரின் கவனக்குறைவைக் கைகாட்டுவார்.

சுமைத் தொழிலாளருக்காக மகாராஷ்டிரம் 1969இல் சட்டம் போட்டது. கேரளம் 1978இலும் தமிழ்நாடு 1982இலும் போட்டன. தமிழ்நாட்டில் நல வாரியமும் இருக்கிறது. வாரியத்தின் விபத்து உதவி குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்தான், ஆனால் அது விழுந்த பிறகு வருகிற பணம். விழாமல் தடுக்கும் வழியை, உயரத்தில் செய்யும் வேலைக்கான பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிகள் வரிசைப்படுத்திக் காட்டுகின்றன: முடிந்தவரை உயரத்தில் ஏறாமலே வேலையை முடிக்க வேண்டும்; ஏறியே ஆக வேண்டுமென்றால் விழாதபடி தடுக்க வேண்டும்; அதுவும் முடியாவிட்டால்தான் விழுந்தாலும் அடி குறைய வழி செய்ய வேண்டும். இத்தனை அடிக்கு மேல்தான் விதி பொருந்தும் என்ற எல்லையும் அங்கே இல்லை.

“இருபது வருஷமா கட்டுறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று டிரைவர்கள் சொல்வதுண்டு. அனுபவம் காலை உறுதியாக ஊன்ற உதவும். நைந்த கயிற்றை அறாமல் காக்காது. செலவு அதிகம் என்ற வாதமும் நிற்காது. லாரியின் இரு பக்கமும் கைப்பிடிக் கம்பியுள்ள இரும்பு மேடை ஒன்றை வளாகத்தில் நிறுத்தினால், அன்றைக்கு வரும் அத்தனை லாரிகளுக்கும் அது போதும். மேடைக்கு இடமில்லாத சிறிய ஆலையில் தலைக்கு மேலே உறுதியான கம்பி கட்டி, பாதுகாப்பு பெல்ட்டை அதில் மாட்டிக்கொள்ளலாம். தரையில் நின்றபடியே இறுக்கும் ராட்செட் பெல்ட்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. படுதா கட்டுவதையும் லோடு கூலியில் சேர்த்தால், களைத்த டிரைவர் இருட்டில் ஒற்றையாய் மேலே ஏற வேண்டியிருக்காது.

பொறுப்பு லாரி நிற்கும் வளாகத்துக்காரருடையது என்று தமிழக அரசு தெளிவாக விதி எழுத வேண்டும். அதற்குக் காத்திராமல், அரசின் கையிலேயே இருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மாவட்ட நிர்வாகம் இந்த மேடைகளை நிறுத்தலாம். தை, மாசியில் சம்பா நெல் வந்து குவிவதற்கு முன் சேத்துப்பட்டில் முதல் மேடையை நிறுத்தட்டும்.