எழுதாக்கிளவியும் மென்பொருளும்

ஐ.டி. துறையில் சாதி இல்லை என்பதற்கு எப்போதும் ஒரே ஆதாரம்தான் காட்டப்படுகிறது. கணினி யாருடைய சாதியையும் கேட்பதில்லை. புரோகிராம் சரியாக எழுதினால் ஓடும், தப்பாக எழுதினால் ஓடாது. இப்படிச் சொல்பவர்களில் பலர் இதை உண்மையிலேயே நம்புகிறார்கள். கணினி கேட்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார். "எந்த ஊரு?" என்று தொடங்குவார். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார். "அப்பா என்ன பண்றார்?", "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?", "உங்க குலதெய்வம் எது?" என்று போகும். ஐந்து கேள்விக்குள் அவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு வருவதற்கு முன் நான்கு ஆண்டுகள் சென்னை ராஜீவ் காந்தி சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். இப்போது என் ஆய்வும் அந்தச் சாலையில் வேலை செய்பவர்களைப் பற்றியதுதான். இந்த அனுபவத்திலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வேலைக்கு ஆள் எடுப்பதோடு சாதியின் வேலை முடிந்துவிடுவதில்லை. டீமுக்குள் யாருக்கு என்ன தெரியவரும், யாருக்குத் தெரியாமலே போகும் என்பதில் அது அன்றாடம் இயங்குகிறது. நம் விவாதங்களில் இந்தப் பகுதி போதுமான அளவு பேசப்படவில்லை.

மென்பொருளை ஒரு தனி மேதை இரவெல்லாம் விழித்திருந்து எழுதுகிறார் என்பது சினிமாக் கதை. நாம் பயன்படுத்தும் ஒரு வங்கிச் செயலியை எட்டுப் பத்துப் பேர் கொண்ட பல டீம்கள் ஆண்டுக்கணக்கில் செய்கின்றன. 1968இல் மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினியாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதன் நகலாகவே இருக்கும் என்பது அதன் சாரம். கான்வே விதி என்ற பெயரில் இன்று இதை எல்லா இடத்திலும் சொல்லித்தருகிறார்கள். நம் நாட்டில் யார் யாரோடு பேசுவார்கள் என்பதை எது தீர்மானிக்கிறது என்ற கேள்வியை மட்டும் அந்த வகுப்புகளில் கேட்பதில்லை.

ஒரு டீமில் புதிதாகச் சேர்கிறவருக்குத் தெரிய வேண்டியவற்றில் பெரும்பகுதி எங்கும் எழுதப்பட்டிருக்காது. டேட்டாபேஸில் இந்த ஒரு காலத்தை ஏன் யாரும் தொடுவதில்லை? மாதக் கடைசியில் எந்தப் பகுதி திணறும்? கிளையன்ட் தரப்பில் யாரைக் கேட்டால் உடனே பதில் வரும்? எந்த மேனேஜரிடம் எதைச் சொல்லக் கூடாது? இவையெல்லாம் பழைய ஆட்களின் தலைக்குள் இருக்கின்றன. அவர்கள் சொன்னால்தான் உண்டு.

இந்த வாய்வழி மரபுக்கு ஒரு கொள்கை அடிப்படையும் இருக்கிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அறிக்கைதான் இன்று உலகமெங்கும் 'அஜைல்' முறையாகப் பரவியிருக்கிறது. விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளே முக்கியம், தகவலைக் கடத்த நேருக்கு நேர் பேசுவதே சிறந்த வழி என்று அது வலியுறுத்துகிறது. மலைபோல் ஆவணம் குவித்து ஒன்றும் உருப்படாமல் போன திட்டங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் சொன்னது அது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் எல்லோரோடும் தடையின்றிப் பேசுவார்கள் என்பது அந்த அறிக்கைக்கு அடியில் இருக்கும் அனுமானம்.

எழுதி வைக்காத அறிவு யாரிடம் தங்கும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. வேதத்துக்குத் தமிழில் 'எழுதாக்கிளவி' என்று ஒரு பெயர் உண்டு. எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். வாய்வழி என்றால் யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்பது சொல்பவர் கையில் இருக்கும். மென்பொருள் நிறுவனத்தில் யாரும் ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றுவதில்லை. கூப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

எங்கே கூப்பிடாமல் விடுகிறார்கள்? பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில். நான் வேலை பார்த்த இடத்தில் பணப் பரிமாற்றத்துக்கான ஒரு மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். வாடிக்கையாளருக்குப் பணத்தின் ஒரு பகுதியை மட்டும் திருப்பித் தரும்போது அது உடனே போக வேண்டும் என்று ஆவணத்தில் இருந்தது. அதை நம்பி மூன்று நாள் சோதித்து 14 பிழைகளைப் பதிவு செய்தேன். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் மூடப்பட்டன. 'வடிவமைப்பே இப்படித்தான்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில். கூட்டத்தில் கேட்டபோது லீட், "அதான் வெள்ளிக்கிழமையே பேசிட்டோமே, நைட் மொத்தமா அனுப்புறதுன்னு" என்றார். பேசியவர்கள் நான்கு பேர். நால்வரும் மதியம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்.

அந்த மேசைக்கு 'வெஜ் டேபிள்' என்று பெயர். அப்படி எந்தப் பலகையும் அங்கே கிடையாது. நான் சேர்ந்த முதல் மாதம் அங்கேதான் உட்கார்ந்தேன். ஒருநாள் அம்மா கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கைத் திறந்தேன். எதிரில் இருந்தவர் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க, பழக்கமில்ல" என்று சிரித்தபடிதான் சொன்னார். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் வேறு மேசைக்குப் போனேன். அந்த ஆண்டு அப்ரைசலில் எனக்கு எழுதப்பட்ட குறை: 'டீமோடு ஒட்டுவதில்லை, தகவல் பரிமாற்றம் மேம்பட வேண்டும்.' ஊதிய உயர்வு அதற்கேற்பக் குறைந்தது. மேசையை விட்டு எழ வைத்தது சாதி. பதிவேட்டில் ஏறியதோ என் 'குணக்குறை'.

சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துத் தந்தை பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் போராடி நூறாண்டு ஆகிறது. அந்தப் போராட்டத்தைச் சோற்றுச் சண்டையாகச் சுருக்கிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பந்தி பிரியும் இடத்தில் அறிவும் பிரிகிறது, அதிகாரமும் பிரிகிறது.

இனி கேள்வி கேட்பதைப் பற்றி. சக ஊழியர் முன் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தவறு நடந்தால் மறைக்காமல் சொல்லவும் அச்சமில்லாத டீம்களே நன்றாகக் கற்றுக்கொள்கின்றன என்று ஏமி எட்மண்ட்சன் 1999இல் எழுதினார். இதை 'உளவியல் பாதுகாப்பு' என்கிறார்கள். கூகுள் நிறுவனம் தன் டீம்களைத் தானே ஆராய்ந்தபோதும் எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம் என்ற முடிவுக்கு வந்தது. இன்று மனிதவளத் துறையினர் வாய் ஓயாமல் இதைப் பேசுகிறார்கள்.

ஆனால் இந்த அச்சமின்மை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா? அண்ணனும் சித்தப்பாவும் ஐ.டி.யில் இருக்கும் வீட்டுப் பையன் "இது எனக்குப் புரியல" என்றால், "ஆர்வமான பையன், கேட்டுக் கத்துக்கிறான்" என்கிறார்கள். அதே கேள்வியை ஒதுக்கீட்டில் படித்துவந்த முதல் தலைமுறைப் பட்டதாரி கேட்டால், "எந்தக் காலேஜ்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். 'கோட்டா' என்ற சொல் வாய்க்குள் இருக்கும்; வெளியே வராது. அதனால் அவர் கேட்பதை நிறுத்துகிறார். இரவில் தனியே உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்கிறார். ஐந்து நிமிடத்தில் ஒருவர் சொல்லியிருக்கக்கூடியதற்கு இரண்டு நாள் செலவழிக்கிறார். பிறகு 'வேகம் போதாது' என்று பெயர் வாங்குகிறார். தகுதி, திறமை என்று இவர்கள் அளப்பதில் எத்தனை பங்கு இந்த ஐந்து நிமிட உதவிகளால் ஆனது என்பதை யாரும் கணக்கிடுவதில்லை.

கடல் கடந்தாலும் இது மாறுவதில்லை என்பதைக் கடந்த சில ஆண்டுகள் காட்டின. 2020 ஜூன் இறுதியில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளர் ஐ.ஐ.டி.யில் ஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை ஆதிக்கச் சாதி மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், புகார் கொடுத்தபின் அவரைத் தனிமைப்படுத்தி வேலைப் பொறுப்புகளைக் குறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சிஸ்கோ இதை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023இல் அரசே விலக்கிக்கொண்டது. வழக்கின் போக்கு எப்படியிருந்தாலும், குற்றச்சாட்டின் தன்மையைக் கவனியுங்கள். ஒதுக்குவது, பேசாமல் விடுவது, கையிலிருக்கும் வேலையைச் சத்தமில்லாமல் வேறொருவருக்கு மாற்றுவது என்று எல்லாம் டீமின் அன்றாட நடைமுறைக்குள்ளேயே நடக்கக்கூடியவை. அதே ஆண்டு அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை செய்யும் 30 தலித் பெண் பொறியாளர்கள் தங்கள் அனுபவங்களைக் கூட்டறிக்கையாக வெளியிட்டார்கள். பெயர் போடாமல்தான் வெளியிட முடிந்தது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2007இல் பொறியியல் நுழைவுத்தேர்வு ஒழிந்தது. 2010இல் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. கல்லூரி வாசலைத் திறந்தது சமூகநீதி அரசியல். அந்த வாசல் வழியாக வந்த பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இந்தத் துறையில் இருக்கிறார்கள். எந்த இருக்கைகளில் இருக்கிறார்கள்? நான் பார்த்தவரை டெஸ்டிங், இரவுநேர சப்போர்ட், புரொடக்‌ஷன் பழுது பார்ப்பது ஆகிய வேலைகளில் அதிகம். பொருளை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் இருக்கையில் அரிது. ஒருவர் கட்டுவார், இன்னொருவர் அதன் கழிவை அள்ளுவார். இது வெறும் வேலைப் பிரிவினை என்பவர்களுக்கு, சாதி வேலை செய்யும் மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரித்துவைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே பதில் சொல்லிவிட்டார். மேல்தளத்தின் நிலை இன்னும் வெளிப்படை. 2012இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வந்த ஆய்வு, இந்தியாவின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் 3.5 விழுக்காடு என்று காட்டியது.

இதையெல்லாம் பார்ப்பனர் தலையில் மட்டும் கட்டிவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிட முடியாது. சென்னையிலும் கோவையிலும் மேனேஜர் பதவிக்கு வந்துவிட்ட இடைநிலைச் சாதியினர் தங்கள் சாதி வாட்ஸ்அப் குழுவில் வேலைவாய்ப்பைப் பகிர்வதையும், 'நம்ம பையன்' என்று ரெஃபரல் கொடுப்பதையும், அந்தப் பையனை நல்ல புராஜெக்டில் சேர்த்துவிடுவதையும் என் ஆய்வில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஒதுக்கீட்டால் மேலே வந்தவர் தனக்குக் கீழே கதவைச் சாத்துவதை எந்தச் சமூகநீதி வரலாற்றைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

என்ன செய்யலாம்? முதலில் டீம் அளவில். முடிவு எங்கே எடுக்கப்பட்டாலும் அன்றே பொதுவான இடத்தில் எழுதப்பட வேண்டும். எழுதப்படாத முடிவு செல்லாது என்ற விதி வேண்டும். இரவு சப்போர்ட்டும் பழுது பார்ப்பதும் எல்லோருக்கும் சுழற்சி முறையில் வர வேண்டும். 'ஒட்டுவதில்லை', 'கல்ச்சருக்குப் பொருந்தவில்லை' போன்ற சொற்களுக்கு அப்ரைசலில் இடமிருக்கக் கூடாது. என்ன வேலை, என்ன குறை என்று குறிப்பாக எழுதட்டும்.

அடுத்து நிறுவன அளவில். ஆப்பிளும் ஐ.பி.எம்.மும் தங்கள் ஊழியர் விதிகளில் சாதியைச் சேர்த்ததாக 2022இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. அமெரிக்காவில் சாதி என்ற சொல்லை விதிப்புத்தகத்தில் எழுத முடிகிறதென்றால், சாதி பிறந்த நாட்டில் இயங்கும் நிறுவனங்களுக்கு என்ன தயக்கம்?

கடைசியாக அரசு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு அமைப்பதைக் கட்டாயமாக்கியது. சாதிப் பாகுபாட்டுக்கும் அப்படியொரு சட்டமும் குழுவும் வேண்டும். டைடல் பார்க்கை அரசு நிறுவனங்கள்தான் கட்டின, இன்றும் ஐ.டி. நிறுவனங்கள் நிலமும் சலுகையும் பெறுவது அரசிடமிருந்தே. பொதுச் சொத்தில் பங்கு பெறும் நிறுவனங்கள் எந்தப் பதவியில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு நிபந்தனை போடலாம். தனியார்துறை இடஒதுக்கீட்டுக்கான போராட்டத்துக்கும் அந்தக் கணக்கு தேவை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆட்குறைப்பின்போது மட்டும் சங்கத்தைத் தேடாமல், இந்த அன்றாட ஒதுக்கலையும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஏற்றுவோம். இப்போது அந்தச் சாலையில் தனி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: "அதான் பேசிட்டோமே" என்று யாராவது சொன்னால், எங்கே பேசினீர்கள், யார் யார் இருந்தீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.