சௌக்கியமா என்று கேளுங்கள்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். என் உறவுப் பெண் ஒருத்தி அந்த ஊரிலேயே குடியிருந்தும் பத்து வருஷமாக அந்தப் படிகளில் கால் வைத்ததில்லை. 112 கிலோ உடம்பு. கார்ப் பாதை வழியாகத்தான் தரிசனம். சென்ற ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டத்தோடு படியேறியே போய் வந்தாள். எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டு மூன்று வருஷமாகிறது. இப்போது 76 கிலோ.

"சௌக்கியமா அம்மா?" என்றேன்.

"இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் சித்தப்பா. ஆஸ்பத்திரியில் எத்தனை கிலோ என்றுதான் கேட்பார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அதையும் கேட்கவில்லை."

ஆனால் அவளுடைய 'முன்', 'பின்' படங்கள் மட்டும் அந்த ஆஸ்பத்திரியின் விளம்பரத்தில் இன்றும் வருகின்றன. என் கோபம் அதில்தான்.

சிகிச்சையை நான் பழிக்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை வியாதி மாத்திரை நின்றது; முழங்கால் வலி குறைந்தது. நல்ல காரியந்தான். ஆனால், இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்ப ஒட்ட முடியாது. சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் உண்டு. கல்யாணப் பந்தியில் நாலு கவளத்துக்கு மேல் இறங்காது. இலையை மூடினால், "எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையா?" என்கிறார்கள். பூசணிக்காய் என்று சிரித்தவர்களே, "என்ன வியாதி?" என்று காதில் கேட்கிறார்கள். படியேறியவள் பந்திக்குப் போகப் பயப்படுகிறாள். தராசு முள் இதைக் காட்டுமா?

இதையெல்லாம் அளக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்ல வேண்டாம். ஓரியா, மூர்ஹெட் என்ற இருவர் 1998-லேயே 'பாரோஸ்' என்ற மதிப்பெண் முறையை வகுத்தார்கள். குறைந்த எடையோடு, பழைய வியாதிகள் தீர்ந்தனவா, தன்மதிப்பு, நடமாட்டம், பிறரோடு பழக்கம், வேலை, தாம்பத்தியம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. சிக்கல் வந்தால் மதிப்பெண்ணைக் கழிப்பார்கள்.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் பத்து வருஷம் விடாமல் கேட்டார்கள். முதல் வருஷத்தில் உச்சிக்குப் போன சௌக்கியம், ஆறாம் வருஷம் வரை சிறிது சிறிதாக இறங்கி, பிறகுதான் ஒரு நிலைக்கு வந்தது. முதல் வருஷத்தோடு கணக்கை மூடுகிறவர்கள் உச்சியை மட்டும் படம் பிடித்துக் காட்டுகிறார்கள் அல்லவா?

மேல்நாட்டுக் கேள்வித்தாளை அப்படியே இறக்குமதி செய்யவும் நான் சொல்லவில்லை. மாடிப்படி ஏற முடிகிறதா என்று அவர்கள் கேட்கட்டும். தரையில் சம்மணமிட்டு எழ முடிகிறதா, நாலு பேர் நடுவில் கூசாமல் சாப்பிட முடிகிறதா என்று நாம் கேட்போம். தமிழில் கேட்போம், 1960-ல் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்த இந்த ஊரில் தெலுங்கிலும் கேட்போம். ஐந்து வருஷமாவது கேட்போம்.

லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறவர்களுக்கு டெலிபோனில் விசாரிக்கும் செலவா கனத்துவிடும்? தெருவில் எதிர்ப்படுகிறவன்கூடக் காசு வாங்காமல் கேட்கிற கேள்விதானே அது!